படிக்கட்டுக்குக் கீழே தூங்கும் பழைய சைக்கிளை ‘ஃபிக்ஸி’ ஆக்கலாமா? பட்ஜெட் முதல் பிரேக் வரை... முழு விளக்கம்!

உங்கள் அபார்ட்மென்ட் படிக்கட்டுக்குக் கீழே ஒருமுறை எட்டிப் பாருங்கள். டயரில் காற்று இறங்கி, சீட்டில் தூசி படிந்து, ஹேண்டில்பாரில் யாரோ காயப்போட்ட துணியோடு ஒரு பழைய சைக்கிள் நிற்கும். அப்பாவின் பிஎஸ்ஏ எஸ்எல்ஆராக இருக்கலாம். மாமா காலேஜ் படிக்கும்போது வாங்கிய, வளைந்த ஹேண்டில்பார் வைத்த ‘ரேஸ் சைக்கிளாக’ இருக்கலாம். பழைய இரும்புக்காரர் வந்தால் எடைக்குத்தான் எடுப்பார்.

அதே சைக்கிளை ‘ஃபிக்ஸி’யாக மாற்றி, அழகாக பெயின்ட் அடித்து, தாம்பரம் முதல் மறைமலை நகர் வரை ஓட்டினால் எப்படி இருக்கும்? இன்ஸ்டாகிராமில் நாலு ரீல்ஸ் பார்த்தால் யாருக்கும் இந்த ஆசை வரும். கியர் இல்லை, தொங்கும் கேபிள் இல்லை, மெலிசான ஃபிரேம், அவ்வளவுதான். ஆனால், ரீல்ஸில் காட்டாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, எல்லா சைக்கிளும் இதற்கு ஒத்துவராது. இரண்டு, ஜிஎஸ்டி ரோட்டில் லாரிக்குப் பின்னால் போகும்போது, எதில் காசு மிச்சம் பிடித்தோம் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

(ஒரு சின்ன மன்னிப்பு: தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய ஊரில் இருந்துகொண்டு ஃப்ரீவீல், ஹப், செயின் என்று எழுத வேண்டியிருக்கிறது. சைக்கிள் கடையில் இப்படிக் கேட்டால்தான் பொருள் கிடைக்கும்!)

*ஃபிக்ஸி என்றால் என்ன?*

சாதாரண சைக்கிளில் பெடல் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பின்னால் ‘டிக் டிக் டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் போடும் பொருள்தான் ஃப்ரீவீல். முன்பக்கம் மிதித்தால் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். மிதிக்காவிட்டால் விட்டுவிடும்.

ஃபிக்ஸியில் அந்த ஃப்ரீவீல் கிடையாது. பின் சக்கரத்தின் ஹப்பிலேயே பல்சக்கரம் நேரடியாக இறுக்கப்பட்டிருக்கும். சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் சைக்கிளும் பின்னோக்கிப் போகும். குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளை நினைத்துப் பாருங்கள். பெடல் முன் சக்கரத்தோடு ஒட்டியிருக்கும், சக்கரம் சுற்றும்வரை குட்டிக் கால்களும் சுற்றியே ஆக வேண்டும். அதே தத்துவம்தான் இங்கும்.

இது புது கண்டுபிடிப்பும் அல்ல. ஃப்ரீவீல் பரவலானதே 1900-ஐ ஒட்டித்தான். அதற்கு முன் வந்த சைக்கிள்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். டூர் டி ஃபிரான்ஸ் போட்டி 1903-ல் தொடங்கியது. அதில் இப்போது நாம் பார்க்கும் டிரெய்லர் வகை கியர்களை அனுமதித்தது 1937-ல்தான். ஜப்பானில் 1948-ல் தொடங்கிய ‘கெய்ரின்’ பந்தயம் இன்றும் பெரும்பாலும் ஃபிக்ஸட் கியர் ஸ்டீல் சைக்கிள்களில்தான் நடக்கிறது. நியூயார்க்கில் கடிதங்களும் பார்சல்களும் கொண்டுபோகும் மெசஞ்சர்கள் இதைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். உடைவதற்கு உதிரி பாகமே இல்லை என்பதுதான் அவர்களுக்கு வசதி. 2012-ல் வந்த ‘பிரீமியம் ரஷ்’ படம் அந்த மெசஞ்சர் வாழ்க்கையை உலகம் முழுக்க ஸ்டைலாக்கியது. படத்தின் நாயகன் பிரேக் இல்லாமல் ஓட்டுவான். அந்த விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

*நம்ம ஊர் சைக்கிள் எப்படி?*

ஒரு நல்ல செய்தி. கார் ஆலைகளால் பெயர் வாங்குவதற்கு முன்பே சென்னை, சைக்கிளால் பெயர் வாங்கிய ஊர். முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ், அம்பத்தூரில் இருந்துதான் ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ, ஃபிலிப்ஸ் சைக்கிள்களை நாடு முழுக்க அனுப்பியது. நம் வீடுகளில் மிச்சமிருக்கும் பழைய சைக்கிள்கள் பெரும்பாலும் ஸ்டீல் ஃபிரேம். சந்தேகமாக இருந்தால் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். ஒட்டினால் ஸ்டீல், ஒட்டாவிட்டால் அலுமினியம்.

ஸ்டீல் ஏன் முக்கியம்? பழுதானால் வெல்டிங் வைக்கலாம். லேசாக விரிக்கலாம், நிமிர்த்தலாம். மறைமலை நகர், தாம்பரம் பக்கம் இரும்பு வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால், ஃபிரேமை முடிவுசெய்ய வேண்டிய இடம் வேறு. பின் சக்கரத்தின் அச்சு உட்காரும் பிளவைப் பாருங்கள். மூன்று வகை உண்டு.

1. பிளவு பின்பக்கமாகத் திறந்திருந்தால்: பழைய கறுப்பு ரோட்ஸ்டர்கள் பலவும் இப்படித்தான் இருக்கும். அச்சைப் பின்னால் இழுத்து செயினை டைட் பண்ணலாம். ஃபிக்ஸிக்கு இதுதான் பெஸ்ட்.

2. பிளவு படுக்கைவாட்டில் அல்லது சாய்வாக, முன்பக்கம் பார்த்திருந்தால்: பழைய ரேஸ் சைக்கிள்களில் இருக்கும். இதுவும் ஓகே.

3. பிளவு நேர் கீழ்நோக்கி இருந்தால்: இன்றைய கியர் சைக்கிள்களில் இருப்பது. அச்சை முன்னும் பின்னும் நகர்த்தவே முடியாது. செயின் தொய்வை எடுக்க வழியில்லை. இந்த சைக்கிளை விட்டுவிடுங்கள்.

‘கியர் சைக்கிளில் ஸ்பிரிங் வைத்து செயினை இழுத்துப் பிடிக்குமே, அதை வைக்கலாமே’ என்று கேட்கலாம். கூடாது. ஃபிக்ஸியில் நீங்கள் பின்னோக்கி அழுத்தும்போது செயினின் கீழ்ப்பகுதி முழு விசையோடு இழுபடும். அந்த ஸ்பிரிங் கை அங்கேயே முறிந்து சக்கரத்துக்குள் போய்விடும்.

அடுத்து, துரு. மேலே படிந்திருக்கும் துருவைப் பற்றிக் கவலை வேண்டாம். பெடல் அச்சு இருக்கும் கீழ்ப்பகுதியையும் சீட் கம்பி இறங்கும் குழாயையும் சுத்தியல் பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். உள்ளே பொத்தலாக இருந்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும். ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃபிரேம் குழாய்கள் சேரும் இடத்தில் பெயின்ட் சுருங்கியிருக்கிறதா, குழாய் லேசாகப் புடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், அந்த சைக்கிள் எப்போதோ எதிலோ மோதியிருக்கிறது. அதற்குப் பணம் போட வேண்டாம்.

கம்பி பிரேக் வைத்த ரோட்ஸ்டராக இருந்தால் இன்னொரு சிக்கல். அதில் பிரேக் கட்டை ரிம்மின் பக்கவாட்டில் பிடிக்காது, உள்பக்கம் பிடிக்கும். ரிம்மின் பக்கமும் தட்டையாக இருக்காது. அதில் கேபிள் பிரேக் போட வேண்டுமென்றால் ரிம்மையே மாற்ற வேண்டும். மழையில் கம்பி பிரேக் எப்படிப் பிடிக்கும் என்பது, ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

*பின் சக்கரம்: மூன்று வழிகள், ஒரு பொறி*

மொத்த வேலையின் உயிர்நாடி பின் சக்கரம்தான். இங்கே மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, சரியான வழி: டிராக் ஹப் வைத்த சக்கரம். இந்த ஹப்பில் இரண்டு மரைகள் இருக்கும். பல்சக்கரம் வலதுபக்க மரையில் ஏறும். அதற்கு மேலே ஒரு லாக் ரிங், தலைகீழாக, இடதுபக்க மரையில் ஏறும். எதற்கு இந்த உல்டா மரை? நீங்கள் வேகத்தைக் குறைக்கப் பின்னோக்கி அழுத்தும்போது பல்சக்கரம் கழன்று வரப் பார்க்கும். அது திரும்பும் அதே திசையில் லாக் ரிங் இன்னும் இறுகும். ஒன்று கழன்றால் இன்னொன்று பிடிக்கும். எளிமையான, அருமையான ஏற்பாடு. ‘ஃப்ளிப் ஃப்ளாப்’ ஹப் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒருபக்கம் ஃபிக்ஸட், மறுபக்கம் ஃப்ரீவீல். ஃபிக்ஸி பிடிக்கவில்லை என்றால் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டால் போதும்.

இரண்டாவது வழி, காசில்லாதவர் வழி: பழைய ஹப்பில் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு, அதே மரையில் ஃபிக்ஸட் பல்சக்கரத்தை ஏற்றுவது. பல சைக்கிள்களில் இந்த மரையின் அளவும், பெடல் அச்சின் கப்பை இறுக்கும் லாக் ரிங்கின் மரை அளவும் ஒன்றே. அதனால் அந்த லாக் ரிங்கை மேலே போட்டு இறுக்குவார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால், இங்கே இரண்டும் ஒரே திசை மரை. பின்னோக்கி வேகமாக அழுத்தினால் இரண்டுமே சேர்ந்து கழன்று வரலாம். வெளிநாட்டு மெக்கானிக்குகள் இதற்கு வைத்திருக்கும் பட்டப்பெயரே ‘தற்கொலை ஹப்’. முன்னும் பின்னும் நல்ல பிரேக் இருந்து, காலால் நிறுத்தவே மாட்டேன் என்று இருப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

மூன்றாவது வழி, பொறி: ஃப்ரீவீலை வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவது. வெல்டிங் கூலி மட்டும்தான் செலவு, அரை மணி நேரத்தில் ரெடி. இதைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். வேண்டாம். காரணம் மூன்று. வெல்டிங் சூட்டில் கடினமாக்கப்பட்ட பல்சக்கர இரும்பின் பதம் கெடும், உள்ளே இருக்கும் கிரீஸ் எரியும். லாக் ரிங் போடவே இடமில்லை, அதனால் பின்னோக்கி அழுத்தினால் மொத்த ஃப்ரீவீலும் கழன்று வரும். கழற்றும் கருவி மாட்டும் பள்ளமும் வெல்டிங்கில் அடைபட்டால், பிறகு அந்த ஹப்பைத் தூக்கித்தான் போட வேண்டும்.

கழலும் என்றால் என்ன அர்த்தம்? சிக்னலில் நிறுத்தப் பின்னோக்கி அழுத்துகிறீர்கள். பெடல் திடீரென்று சும்மா சுற்றுகிறது. சைக்கிள் நிற்கவில்லை. அவ்வளவுதான் அர்த்தம்.

*எத்தனை பல் வைக்கணும்?*

ஃபிக்ஸியில் ஒரே கியர். அதைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் முட்டி வலிதான் மிச்சம். கணக்கு ரொம்ப ஈஸி. முன்னால் இருக்கும் செயின் வீலின் பற்களைப் பின் பல்சக்கரத்தின் பற்களால் வகுங்கள். அதுதான் ஒருமுறை பெடல் சுற்றினால் சக்கரம் எத்தனை முறை சுற்றும் என்ற எண். 700சி சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.13 மீட்டர் என்று வைத்துக்கொண்டால்:

44 – 18: ஒரு சுற்றுக்கு 5.2 மீட்டர். நிமிடத்துக்கு 90 முறை மிதித்தால் மணிக்கு 28 கி.மீ.
44 – 16: ஒரு சுற்றுக்கு 5.9 மீட்டர். அதே மிதிக்கு மணிக்கு 32 கி.மீ.
48 – 16: ஒரு சுற்றுக்கு 6.4 மீட்டர். அதே மிதிக்கு மணிக்கு 35 கி.மீ.

பழைய ரேஸ் சைக்கிளில் 52 பல் செயின் வீல் இருந்தால் அப்படியே விட்டுவிடத் தோன்றும். ஆனால், பெருங்களத்தூரில் மேம்பாலம் ஏறும்போது எதிர்க்காற்றும் சேர்ந்தால் தெரியும். வேகம் அதிகம் வேண்டாம், நின்று நின்று போக வேண்டிய ரோடு என்பவர்களுக்கு 44 – 18 அல்லது 44 – 16 பக்கம் இருப்பது நல்லது. கியர் லேசாக இருந்தால் கிளம்புவதும் சுலபம், காலால் வேகத்தைக் குறைப்பதும் சுலபம்.

இன்னொரு ரகசியக் கணக்கும் உண்டு. பின் சக்கரத்தைப் பூட்டி சறுக்குபவர்களுக்கு டயர் எப்போதும் குறிப்பிட்ட இடங்களில்தான் தேயும். 48 – 16 என்பதைச் சுருக்கினால் 3/1. கீழே இருக்கும் எண் 1. அதாவது ஒரே காலை முன்வைத்துச் சறுக்குபவருக்கு டயரில் ஒரே ஒரு இடம்தான் தேயும், சீக்கிரமே டயர் காலி. 44 – 16 என்றால் 11/4, நான்கு இடங்கள். 44 – 18 என்றால் 22/9, ஒன்பது இடங்கள். தேய்மானம் பரவும், டயர் அதிக நாள் உழைக்கும். பள்ளிக்கூடப் பின்னம் இங்கே உதவுகிறது பாருங்கள்!

*பட்ஜெட்டை எப்படிப் பிரிப்பது?*

உதிரி பாகங்களின் விலை கடைக்குக் கடை, பிராண்டுக்கு பிராண்ட் மாறும். அதனால் விலைப்பட்டியலைவிட, கையில் இருக்கும் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதுதான் முக்கியம்.

பாதிப் பணம் பின் சக்கரத்துக்கு. ஹப், ரிம், போக்ஸ் கம்பி, கட்டுக்கூலி எல்லாம் சேர்த்து. இதில் கஞ்சத்தனம் காட்டினால் மேலே சொன்ன இரண்டாவது, மூன்றாவது வழிகளில்தான் போய் நிற்போம்.

கால்வாசி பிரேக்குக்கு. பழைய பிரேக் செட் நன்றாக இருந்தாலும் கட்டைகளையும் கேபிள்களையும் புதிதாகப் போடுங்கள். பல வருடம் சும்மா நின்ற சைக்கிளில் பிரேக் கட்டை ரப்பர், கல் மாதிரி இறுகியிருக்கும்.

மிச்ச கால்வாசி செயின், டயர், ட்யூப், பால்ரஸ், கிரீஸ் ஆகியவற்றுக்கு. செயின் மட்டும் கட்டாயம் புதிது. தேய்ந்த செயின் புதுப் பல்லையும் தின்றுவிடும்.

பெயின்ட்? கடைசியாகப் பணம் மிஞ்சினால் மட்டும். சீட், ஹேண்டில்பார், பெடல், கிராங்க் எல்லாம் பழையதே போதும்.

பொருள் எங்கே கிடைக்கும்? சாதாரண உதிரி பாகங்களுக்கு உங்கள் ஏரியா சைக்கிள் கடையே போதும். இல்லையென்றால் ரயில் ஏறி பாரிமுனைப் பக்கம் ரத்தன் பஜார் போகலாம். ஃபிளிப் ஃப்ளாப் ஹப், ஃபிக்ஸட் பல்சக்கரம் மட்டும் பெரும்பாலும் ஆன்லைனில்தான் தேட வேண்டியிருக்கும். ஆர்டர் போடும்முன் பின் ஃபோர்க்கின் உள் இடைவெளியை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். டிராக் ஹப்புக்குப் பொதுவாக 120 மி.மீ. தேவை. பழைய 5 ஸ்பீடு ரேஸ் சைக்கிள்களில் அதே அளவு இருக்கும். 6, 7 ஸ்பீடு என்றால் 126 மி.மீ. இருக்கும், வாஷர் வைத்துச் சரிக்கட்டலாம்.

*வேலையை எந்த வரிசையில் செய்வது?*

1. கழற்றும்முன் நாலு பக்கமும் போனில் போட்டோ எடுங்கள். கழற்றிய எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

2. கியர், கியர் கேபிள், கேரியர், ஸ்டாண்டு ஆகியவற்றைக் கழற்றுங்கள். ஃபிரேமில் ஒட்டியிருக்கும் கியர் மாட்டும் காது, கேபிள் கொக்கிகளை அறுக்க வேண்டாம். அறுத்தால் திரும்ப வராது. நாளைக்கு மனசு மாறினால் பழையபடி மாற்ற வழி இருக்கட்டும்.

3. சீட் கம்பியும் ஹேண்டில் கம்பியும் இறுகியிருந்தால் மண்ணெண்ணெயோ துரு இளக்கும் ஆயிலோ விட்டு ஒருநாள் வையுங்கள். சுத்தியல் கடைசி ஆயுதம்.

4. கிராங்க் கோட்டர் பின் வைத்ததாக இருந்தால், அந்தப் பின்னைக் கடையில் கொடுத்துக் கழற்றுவதே நல்லது. பெடல் அச்சு, ஹேண்டில் கப்பு, முன் ஹப் மூன்றையும் ஓவராயில் பண்ணி, பால்ரஸ் மாற்றி, புது கிரீஸ் வையுங்கள்.

5. பின் சக்கரத்தை மாட்டி, செயின் லைன் பாருங்கள். பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், முன் பல்லும் பின் பல்லும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கோணல் இருந்தால் செயின் கழலும். ஃபிக்ஸியில் செயின் கழன்றால் சக்கரமே பூட்டிக்கொள்ளலாம்.

6. பல்சக்கரத்தைச் செயின் சவுக்கு கருவியால் நன்றாக இறுக்கி, பிறகு லாக் ரிங்கை இறுக்குங்கள். சும்மா கையால் இறுக்கினால் போதாது. ஒரு வாரம் ஓட்டிய பிறகு மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.

7. அச்சைப் பின்னால் இழுத்துச் செயினை டைட் பண்ணுங்கள். நடுவில் விரலால் தட்டினால் மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஆட்டம் இருக்க வேண்டும். அதைவிட டைட்டானால் பால்ரஸ் தேயும். லூஸானால் கழலும்.

இங்கே ஒரு கட்டாய எச்சரிக்கை. சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது செயின் பக்கம் விரலைக் கொண்டுபோகவே கூடாது. துணியை வைத்துச் சுத்தம் செய்யும்போதும் கூடாது. சாதாரண சைக்கிளில் விரல் மாட்டினால் மிதிப்பதை விட்டால் நின்றுவிடும். ஃபிக்ஸியில் சக்கரத்தின் வேகம் முழுவதும் செயினில் இருக்கும். விரல் துண்டாகும்வரை அது நிற்காது. துப்பட்டா, லுங்கி, ஷூ லேஸ், பேன்ட் நுனிக்கும் இதே விதிதான்.

*பிரேக் வேணுமா, வேண்டாமா?*

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். ஃபிக்ஸியில் காலால் வேகத்தைக் குறைக்க முடியும் என்பதால் பிரேக்கே வேண்டாம் என்பது ஒரு ஸ்டைல். ஹேண்டில்பார் சுத்தமாக இருக்கும், போட்டோவில் அழகாக இருக்கும்.

பிரேக் இல்லாத ஃபிக்ஸிக்கு என்றே ஓர் இடம் உண்டு. அது வெலோட்ரோம். நமக்கும் தூரமில்லை. வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரிலேயே ஒன்று இருக்கிறது. டிராக் பந்தய சைக்கிள்களுக்குப் பிரேக்கே கிடையாது. எல்லோரும் ஒரே திசையில் போவார்கள். யாரும் திடீரென்று பிரேக் போட மாட்டார்கள். குறுக்கே மாடு வராது, ஷேர் ஆட்டோ ஓரம் கட்டாது, எதிரே ராங் ரூட்டில் பைக் வராது. 2018-ல் ஜூனியர் உலகப் போட்டியில் பதக்கம் வென்ற ஈசோ அல்பனும், 2022 ஆசியப் போட்டியில் ஸ்பிரின்ட் வெள்ளி வென்ற ரொனால்டோ சிங்கும் ஓட்டுவது அப்படிப்பட்ட சைக்கிள்தான். ஆனால், அப்படிப்பட்ட பாதையில்.

ரோட்டில் கணக்கு வேறு. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். அதாவது ஒரு நொடிக்கு 7 மீட்டர். முன்னால் பஸ் நிற்பதைப் பார்த்து மூளை கைக்குச் சொல்லவே ஏறக்குறைய ஒரு நொடி. அதற்குள் 7 மீட்டர் போயாயிற்று. அதன் பிறகு, காய்ந்த ரோட்டில் நல்ல முன் பிரேக் இருந்தால் சுமார் 5 மீட்டரில் நிற்கலாம். பின் சக்கரத்தை மட்டும் நம்பினால் சுமார் 10 மீட்டர். வேகம் குறையும்போது உடல் எடை முன்பக்கம் சாய்வதால் பின் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைகிறது. காலில் எவ்வளவு பலம் இருந்தாலும் இந்த இயற்பியலை மாற்ற முடியாது. அந்த 5 மீட்டர் வித்தியாசம், ஒரு சின்ன காரின் நீளத்தைவிட அதிகம்.

இது வெறும் தியரி இல்லை. லண்டனில் 2016-ல், முன் பிரேக் இல்லாத ஃபிக்ஸட் கியர் சைக்கிளில் வந்த இளைஞர் மோதி, சாலையைக் கடந்த ஒரு பெண் உயிரிழந்தார். 1861-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் அந்த இளைஞருக்கு 2017-ல் 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. தென் கொரியாவில் பள்ளி மாணவர்களிடையே பிரேக் இல்லாத ஃபிக்ஸி மோகம் பரவி, ஒரு மாணவர் உயிரிழந்த பிறகு 2025-ல் போலீஸார் கெடுபிடியைத் தொடங்கினார்கள். இரண்டு இடங்களிலும் ரோடு நம் ரோட்டைவிட ஒழுங்கானது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

எனவே, முன் பிரேக் கட்டாயம். பின் பிரேக்கும் இருந்தால் ரொம்ப நல்லது. செயின் கழன்றாலும் அறுந்தாலும் காலால் நிறுத்தும் வழி மொத்தமாகப் போய்விடும். அப்போது கையில் இருக்கும் அந்த ஒரு லீவர்தான் உங்களுக்கும், குறுக்கே வருபவருக்கும் காப்பீடு. பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும், இரவில் ஓட்டினால் லைட்டும் அப்படித்தான்.

*முதல் நாள் எங்கே ஓட்டுவது?*

ஜிஎஸ்டி ரோட்டில் வேண்டாம். மறைமலை நகர், திட்டமிட்டு உருவாக்கப்பட்ட துணை நகரம். என்எச்-1, என்எச்-2 என்று இங்கே சொல்வது நெடுஞ்சாலையை அல்ல, ‘நெய்பர்ஹுட்’ என்பதைத்தான். அந்த உள் தெருக்களில் ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஓட்டிப் பழகுங்கள்.

நாம் சின்ன வயதில் பழகிய பல விஷயங்களை மறக்க வேண்டியிருக்கும். இடது பெடலில் கால் வைத்து, தள்ளிக்கொண்டே ஓடி ஏறும் நம்ம ஊர் ஸ்டைல் இதில் நடக்காது. கால் வைத்த பெடல் சக்கரத்தோடு கீழே போய், மேலே வந்து உங்களைத் தூக்கிப் போடும். நின்ற இடத்தில் உட்கார்ந்துதான் கிளம்ப வேண்டும். இறங்கும்போதும் முழுதாக நின்ற பிறகே இறங்க வேண்டும்.

ஸ்பீடு பிரேக்கர் வந்தால் பெடலைச் சமமாக நிறுத்தி எழுந்து நிற்பது நம் பழக்கம். இதில் மிதித்துக்கொண்டேதான் எழ வேண்டும். வளைவில் ரொம்பச் சாய்ந்தால் உள்பக்கப் பெடல் ரோட்டில் இடிக்கும். மேம்பாலம் இறங்கும்போது கால்கள் தானாக ஓடும். அப்போது காலால் அடக்கப் பார்க்காமல் முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் கட்டுக்குள் வையுங்கள். கால் பெடலில் இருந்து நழுவாமல் இருக்க ஸ்ட்ராப் வேண்டும். மழைத் தண்ணீர் நிற்கும் ரோட்டில், பள்ளம் எங்கே என்று தெரியாதபோது ஃபிக்ஸியை எடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

*சரி, இவ்வளவு ரிஸ்க் எதுக்கு?*

நியாயமான கேள்வி. ஆபீஸுக்குப் போய்வர ஒரு லேசான சைக்கிள் மட்டும்தான் வேண்டும் என்றால் ஃபிக்ஸியே தேவையில்லை. கியர்களைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு ஃப்ரீவீல் போட்டு, சிங்கிள் ஸ்பீடு ஆக்கினால் போதும். பழைய ஹப்பே உதவலாம், செலவு பாதிக்கும் கீழே இறங்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தரும் விலையில்லா சைக்கிள் முதல் பால்காரர் சைக்கிள் வரை நம்ம ஊரில் ஓடியதெல்லாம் பிறவியிலேயே சிங்கிள் ஸ்பீடுதானே!

ஃபிக்ஸியில் வேறொரு சுகம் இருக்கிறது. சக்கரமும் காலும் ஒன்றாகச் சுற்றும்போது, ரோட்டின் ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் காலுக்குத் தெரியும். எவ்வளவு தூரத்துக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று யோசித்தே ஓட்டுவீர்கள். சும்மா உருட்டிக்கொண்டு போக முடியாது என்பதால் கவனமும் சிதறாது. அந்த அனுபவத்துக்காக என்றால், தாராளமாக மாற்றுங்கள்.

முடிவெடுக்க மூன்று கேள்விகள் போதும். ஃபிரேமின் பின் பிளவு ஒத்துவருகிறதா? உல்டா மரை லாக் ரிங் வைத்த ஹப் வாங்கப் பணம் இருக்கிறதா? முன் பிரேக்கைக் கழற்ற மாட்டேன் என்று உங்களுக்கு நீங்களே சத்தியம் பண்ண முடியுமா? மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால், ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் அந்த சைக்கிளை வெளியே எடுங்கள். ஏதாவது ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் எடுங்கள். காற்றடித்து, பிரேக் கட்டை மாற்றி, ஃப்ரீவீலோடு அப்படியே ஓட்டுங்கள். இரண்டில் எதுவானாலும் எடைக்குப் போடுவதைவிட மேல்!